முதல் ஆய்வகப் பயிற்சியிலிருந்தே கிட் பழகுவது எப்படி

நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்னும் கருவியை, கணினி அறிவியல் மாணவர்கள் பலர் இறுதியாண்டு புராஜெக்டின்போதுதான் முதன்முதலாகத் தொடுகிறார்கள். அதுவரை ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்ற பெயர்களில் கோப்புறைகள் பென் டிரைவில் பெருகிக்கொண்டே போகும். முதல் பருவத்தில் எழுதும் சி நிரலிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் நிரல் சிறியதாக இருக்கும்போதுதான் கருவியின் மீது முழுக் கவனம் செலுத்த முடியும்.

லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உருவாக்கிய கிட், இணைய இணைப்பின்றியும் இயங்கும் என்பதால், நிரல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் தளமான கிட்ஹப்பில் கணக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ‘கிட் கான்ஃபிக்’ கட்டளையால் பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்து, நிரல் உள்ள கோப்புறையில் ‘கிட் இனிட்’ கொடுங்கள்; அந்தக் கோப்புறையின் வரலாற்றைப் பதியக் கிட் தயாராகிவிடும். ஒவ்வொரு சிறு வேலையும் முடிந்தவுடன் ‘கிட் டிஃப்’ காட்டும் மாற்றங்களை வரிவரியாகப் படியுங்கள். சோதனைக்காக இட்டு, நீக்க மறந்த பிரிண்ட்எஃப் வரிகள் அங்கே கண்ணில் படும். அதன் பிறகே, பதிய வேண்டிய மாற்றங்களைத் தேர்ந்தெடுக்கும் ‘கிட் ஆட்’, அவற்றை ஒரு குறிப்போடு வரலாற்றில் பதியும் ‘கிட் கமிட்’.

ஒரு கமிட்டில் ஒரு மாற்றம் மட்டுமே இருக்கட்டும். அந்த நிலையில் நிரல் பிழையின்றி கம்பைல் ஆகவும் வேண்டும். ‘திருத்தம்’ என்று மட்டும் குறிப்பெழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே விளங்காது. ‘காலிப் பட்டியலில் நீக்கும்போது வரும் பிழை சரிசெய்யப்பட்டது’ என்பது விளங்கும். இந்தக் கட்டுப்பாட்டின் அருமை, பிழை நுழைந்த கமிட்டைத் தேடித்தரும் ‘கிட் பைசெக்ட்’ கட்டளையைப் பயன்படுத்தும்போது தெரியவரும். தேட வேண்டியதை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைக்கும், வகுப்பில் படிக்கும் பைனரி சர்ச் முறையில்தான் அது இயங்குகிறது: வரிசையாக உள்ள 1000 கமிட்டுகளில் பிழை எதில் நுழைந்தது என்பதை ஏறக்குறைய 10 சோதனைகளில் காட்டிவிடும். பத்து மாற்றங்களை ஒரே கமிட்டில் திணித்திருந்தால், அந்தக் கமிட்டைக் கண்டுபிடித்த பின்னும் தேடல் முடியாது.

கம்பைலர் உருவாக்கும் கோப்புகளையும் கடவுச்சொற்கள் உள்ள கோப்புகளையும் தொடக்கத்திலேயே, கிட் பதியாமல் விட வேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் (.gitignore) கோப்பில் குறித்துவிடுங்கள். பொதுவில் ஏற்றிய கடவுச்சொல்லை அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். ஆகவே அவ்வாறு நேர்ந்தால், வேறெதையும் செய்வதற்கு முன் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.