ஏஜென்டுக்கு டூல் விளக்கம் எழுதுகிறீர்களா?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இப்போது இருக்கும் கனெக்‌ஷன்களைப் பட்டியலிடும் டூலை ஏஐ ஏஜென்டிடம் கொடுக்கும்போது, "கனெக்‌ஷன்களைக் காட்டும்" என்ற ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கனெக்‌ஷனின் நிலையையும் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் (pg_stat_activity) ஸ்டேட் 'ஐடில்' (சும்மா இருப்பது) என்றிருந்தால், பக்கத்தில் தெரியும் குவெரி இப்போது ஓடுவது இல்லை, கடைசியாக ஓடி முடிந்தது. இதை எழுதி வைக்காவிட்டால் ஏஜென்ட் அதை இன்னும் ஓடும் குவெரி என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' (டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, முடிக்காமல் சும்மா நிற்பது) வேறு கதை, அது மற்ற குவெரிகளைத் தடுக்கக்கூடிய லாக்கைப் பிடித்து வைத்திருக்கலாம், கட்டாயம் தனியாகச் சொல்லுங்கள்.

அப்புறம், இது பார்க்க மட்டும்தான், எதையும் துண்டிக்காது என்று முதல் வரியிலேயே போடுங்கள். எந்த வகை புராசஸ் என்று சொல்லும் பேக்கெண்ட்_டைப்பை 'கிளையன்ட் பேக்கெண்ட்' என்று வடிகட்டினால் ஆட்டோவேக்கம் (தானாக நடக்கும் சுத்தம்) மாதிரி உள்வேலைகள் எண்ணிக்கையில் கலக்காது. குவெரிக்குள் வாடிக்கையாளரின் போன் எண்கூட இருக்கலாம், அந்தக் குவெரி நெடுவரிசையை மறைத்தே அனுப்புங்கள்.