பொதுச்சுவர் வீடுகளில் வைஃபை: சேனல் தேர்வும் பூட்டும்

கும்பகோணத்துப் பழைய தெருக்களில் வீடுகள் பொதுச்சுவரோடு வரிசையாக நிற்பதால், வாசலில் வைத்த ரவுட்டரின் அலை நம் கொல்லைப்புறத்தை எட்டுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக் கூடத்தை எட்டிவிடுகிறது. ஆகவே முதல் வேலையாக ரவுட்டரை முற்றத்தைப் பார்த்தாற்போல் கூடத்துக்கு மாற்றுங்கள். அதன் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, நிர்வாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது சேனல், அதாவது ரவுட்டர் பேசும் அலைவரிசை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில், விளம்பரமற்ற திறமூலச் செயலியான வைஃபை அனலைசரையே நான் பரிந்துரைப்பேன். ஆண்ட்ராய்டு 9 முதல் இரண்டு நிமிடங்களுக்கு நான்கு முறைதான் செயலிகள் அலைகளைத் தேட முடியும் என்பதால், பொறுமையாகப் பாருங்கள்.

வைஃபை பேசும் அலைப்பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் செயலி காட்டும் வரைபடத்தில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டமும், 3, 4 ஆகியவற்றில் வெற்றிடமும் தெரியலாம். அந்த வெற்றிடத்தை நம்பக் கூடாது. அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ரவுட்டரோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசுகிறது. ஒரே சேனலில் உள்ள ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல், காத்திருந்து அனுப்பும். ஆனால் 3இல் அமர்ந்தால் 1, 6 இரண்டின் பேச்சும் வெறும் இரைச்சலாகவே விழுவதால், அனுப்பியதையே மீண்டும் மீண்டும் அனுப்ப நேரிடும். எனவே 1, 6, 11இல் அயல் அலை எதில் மிக வலுக்குறைந்திருக்கிறதோ, அதையே தேர்ந்தெடுங்கள். வலைப்பெயர்களின் எண்ணிக்கையைவிட வலுவே முக்கியம்; செயலி காட்டும் வலு அளவில் (டிபிஎம்) அயல் அலை –50ஐவிட –85ஆக, அதாவது வலுக்குறைந்து, இருப்பதே நமக்கு நல்லது. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். தொலைக்காட்சி கூடத்திலேயே இருந்தால் அதை இன்னொரு அலைப்பட்டையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். தடித்த காரைச்சுவர்களைத் தாண்டி அந்த அலை வெகுதூரம் போகாது.

பூட்டுக்கு டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறை, பழைய கருவிகள் இருந்தால் ஏஇஎஸ் குறியாக்கத்துடன் டபிள்யூபிஏ2. கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு பொத்தானையோ எண்ணையோ கொண்டு இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அவசியம் அணைத்துவிடுங்கள்: அதன் எட்டு இலக்க எண் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்த செய்தி. வலைப்பெயரை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. நீண்ட கடவுச்சொல்தான் பாதுகாப்பு. விருந்தினருக்குத் தனி வலையே கொடுங்கள்.

பிற்சேர்க்கை: ரவுட்டரை மறுபடி இயக்கியதும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே காணவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் தேர்ந்தெடுத்திருந்தது சேனல் 52. அது ரேடார்களும் பயன்படுத்தும் அலைவரிசை என்பதால், அங்கே ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது 60 வினாடிகள் கவனித்த பின்னரே ரவுட்டர் பேசத் தொடங்கும். காத்திருக்க விருப்பமில்லையென்றால் 36 முதல் 48 வரையுள்ள சேனல்களில் ஒன்றை வையுங்கள்.