கருப்பு முகம் படத்தில் சாம்பலாக வந்தால்

தங்கையின் நிச்சயதார்த்தப் படங்களில் என் முகம் மட்டும் சாம்பல் பூசியதுபோல் வந்திருந்தது. எனக்கு என் கருப்பு பிடிக்கும். படத்திலும் அது கருப்பாகவே வர வேண்டும்.

படக்காரர் வெளுப்பாக்கிவிட்டார் என்று சந்தேகித்து, திருத்தாத மூலப்படத்தைக் கேட்டு வாங்கினேன். அதிலும் அதே சாம்பல். கைபேசியில் அழகூட்டும் வசதியை அணைத்தேன், பவுடரை நிறுத்தினேன். பலனில்லை. கண்ணாடியில் நிறம் சரியாக இருந்தது, பகல் வெளிச்சப் படங்களும் சரி. ஃபிளாஷ் அடித்தால்தான் கோளாறு. அதுவும் தாடையோடு நின்றுவிடும். கழுத்து தன் நிறத்திலேயே இருக்கும்.

தாடைக்கு மேல் மட்டும் நான் பூசுவது சன்ஸ்கிரீன். டியூபின் பின்புறம் டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு என்றிருந்தது. இரண்டும் வெள்ளைத் தூள். ஃபிளாஷ் ஒளியைக் கேமராவுக்கே திருப்பி அனுப்புகின்றன. அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய வகைக்கு மாறியதும் சரியாகிவிட்டது. எல்லோருக்கும் பொருந்தும் என்று ஒரே நிறத்தில் விற்பதை வாங்காதீர்கள், நம் முகத்தில் அது வெளிறித் தெரியும். அடர்நிறம் எதுவென்று கேட்டு வாங்குங்கள். அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால் மங்கு உள்ளவர்களுக்கும் நல்லது.

பாஸ்போர்ட் படம் எடுத்த ஸ்டூடியோவில், "கொஞ்சம் வெளுப்பாக்கட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.