பனி ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் சர்ச்சிலுக்குப் பனி ஆய்வில் கைகொடுக்கப் போகும் மூன்று பேர் போன வாரம் ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். காசிமேட்டில் வாங்கிய நொறுக்கிய ஐஸை ஒரு டப்பில் கொட்டி, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு வெப்பநிலை எடுக்கச் சொன்னேன். ஒரு வரி விட்டுப்போனது. மேலும் கீழும் இருந்த எண்களைக் கூட்டி, பாதியாக்கி, ஒரு பையன் அதை நிரப்பிவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. நான் அங்கே செய்ததும் இதுவேதான்.

கம்பளி, காலுறை, பூட்ஸ் பட்டியலைக் குழுவே தரும். அதை விட்டுவிடுகிறேன்.

இல்லாத ரீடிங்கை இட்டு நிரப்புவது

பிப்ரவரி மாதம். தரை தெரியும்வரை பனியில் குழி வெட்டி, அதன் சுவரில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை தெர்மாமீட்டரைச் செருக வேண்டும். மேலே மைனஸ் 27, தரையை ஒட்டி மைனஸ் 8. விரல்கள் மரத்துப்போய் இரண்டு ஆழங்களை விட்டுவிட்டேன். ராத்திரி அறையில் உட்கார்ந்து சராசரி போட்டு எழுதினேன். பிராக்டிகல் வகுப்பில் கிராஃப் நேர்கோடாக வர ரீடிங்கை அட்ஜஸ்ட் செய்து பழகிய கை.

பனிக்குள் வெப்பநிலை சீராக இறங்குவதில்லை. கீழிருந்து மேலேறும் நீராவி, தரைப்பக்கத்துப் பனியைச் சர்க்கரைப் பரல் மாதிரி உதிரியாக்கிவிடும். அந்த அடுக்கு வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் அங்கே சில விரற்கடைக்குள் சட்டென்று பல டிகிரி மாறும். அடியிலுள்ள நிரந்தர உறைநிலம் குளிர்காலத்தில் எவ்வளவு குளிர்கிறது என்பது இந்தப் போர்வையைப் பொறுத்தது. குழு தேடிப் போனதே அந்தத் திருப்பத்தைத்தான். என் சராசரி அதை மழித்துவிட்டது. மறுநாள் நானே ஒப்புக்கொண்டேன். குழியை மூடியாகிவிட்டது, திரும்ப அளக்க வழியில்லை. நான்கு பேரின் அரை நாள் உழைப்பை மொத்தமாகக் கழித்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை.

விட்டுப்போனால் கோடு போடுங்கள். பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: ‘கை மரத்தது, எடுக்கவில்லை’. அப்புறம், பூஜ்யம் எழுதாதீர்கள். அங்கே பூஜ்யமும் ஓர் அளவு.

வியர்க்க வியர்க்கத் தோண்டுவது

இங்கே வியர்த்த உடம்பில் கடல்காற்று பட்டால் இதம். அங்கே வேலை நின்றதும் அந்த ஈரமே நடுக்கத்தில் கொண்டுபோய் விடும். மண்வாரியைத் தொடுமுன் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். தொடக்கத்தில் லேசாகக் குளிரட்டும். உள்ளே பருத்தி பனியன் கூடவே கூடாது.

பேனா

மை உறைந்துவிடும். பென்சில், இரண்டு.

கேமராவை அப்படியே உள்ளே எடுத்துவருவது

வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டு வாருங்கள். சூடேறும்வரை திறக்காதீர்கள்.

சொல்லாமல் ஒதுங்குவது

அது பனிக்கரடி ஊர். ஒன்றுக்குப் போனாலும் துப்பாக்கியோடு காவல் நிற்பவரிடம் சொல்லிவிட்டுத்தான்.