கல்லூரி மகளிர் காற்பந்து லீக்கைக் கோலாலம்பூரில் நடத்தும் முறை

அமெரிக்கக் கல்லூரி மகளிர் காற்பந்தில் அணிகள் 'கான்ஃபரன்ஸ்' என்னும் குழுமங்களாகப் பிரிந்து முதலில் லீக் ஆட்டங்களில் மோதுகின்றன. பிறகு, பெரும்பாலான குழுமங்களில், பட்டியலின் முன்னணி அணிகள் மட்டும் சாம்பியன் கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றில் ஆடுகின்றன. கல்லூரி விளையாட்டின் மிக உயர்ந்த நிலையான முதல் பிரிவில் அக்கோப்பையை வெல்லும் அணிக்கு, 64 அணிகள் பங்கேற்கும் தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு. இந்த அமைப்பு கோலாலம்பூர்க் கல்லூரிகளுக்கும் ஏற்றது. ஒரே நாளில் முடியும் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்கும் மாணவிகள் அத்துடன் வீடு திரும்ப வேண்டியதுதான். லீக்கிலோ கடைசி இடத்து அணிக்கும் முழுப் பருவமும் ஆட்டம் இருக்கும்.

எட்டு அணிகள் ஒன்றையொன்று ஒருமுறை சந்திக்க 28 ஆட்டங்கள், ஏழு சுற்றுகள் தேவை. அட்டவணை போட, அணிகளுக்கு எண் கொடுத்து, முதல் சுற்றில் 1-8, 2-7, 3-6, 4-5 என மோதவிடுங்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒன்றாம் எண்ணை அசைக்காமல் மற்ற எண்களை ஓரிடம் நகர்த்தினால், இரண்டாம் சுற்று 1-7, 8-6, 2-5, 3-4 என அமையும். ஏழு அணிகளே சேர்ந்தால் எட்டாம் எண்ணை ஓய்வாகக் கொள்ளலாம். கடைசிச் சுற்று ஆட்டங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். அடுத்த திடலின் முடிவை அறிந்துகொண்டு ஆடும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கக் கூடாது.

நாள் குறிக்கும்போது தேர்வுகள், தீபாவளி, ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னகரும் நோன்பு மாதம் ஆகியவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வருவதால், காலை எட்டு மணி ஆட்டமே நல்லது. எந்த நேரத்தில் ஆடினாலும், மின்னலைக் கண்டதும் நொடிகளை எண்ணுங்கள்: 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, மாணவிகளைக் கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ அனுப்ப வேண்டும். கூடாரமும் மரத்தடியும் பாதுகாப்பல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியாமல் எவரும் திடலில் இறங்கக் கூடாது. இந்த முடிவை எடுக்கும் ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிட்டால், பயிற்றுநர்களின் அவசரத்துக்கு இடமிராது.

வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்பது தெரிந்ததே. புள்ளிகள் சமமானால் எதைப் பார்ப்பது என்பதை மட்டும் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கோல் வித்தியாசத்துக்கு முன்னால் நேரடி மோதலின் முடிவை வைப்பதே என் விருப்பம்; அப்படி வைத்தால், புதிதாக ஆட வந்த பெண்கள்மீது பத்துப் பதினைந்து கோல் குவிக்கும் ஆசை குறையும்.

தலைத்துணி அணிந்து ஆடுவதை 2014 முதல் காற்பந்து விதிகள் அனுமதிக்கின்றன. அது கருப்பாகவோ சட்டையின் முதன்மை நிறத்திலோ, சட்டையோடு இணையாமல் இருக்க வேண்டும். திடலுக்கு வந்த பிறகு எந்த மாணவியும் இதற்காகத் திருப்பி அனுப்பப்படாதிருக்க, பதிவுப் படிவத்திலேயே இவ்விதியை அச்சிடுங்கள்.

கோப்பைச் சுற்றுக்கு முதல் நான்கு அணிகள் போதும். அரையிறுதியில் முதலாம் அணி நான்காம் அணியையும், இரண்டாம் அணி மூன்றாம் அணியையும் சந்திக்கட்டும். ஆட்டம் சமநிலையில் முடிந்தால், அமெரிக்கக் கல்லூரிகளின் வெளியேற்றுச் சுற்றில் உள்ளபடி இரண்டு பத்து நிமிடக் கூடுதல் நேரம், அதன் பின் பினால்டி. இறுதியாட்டத்தை அடுத்த வார இறுதிக்குத் தள்ளிவையுங்கள். இந்த வெயிலில் ஒரே நாளில் இரண்டு முழு ஆட்டம் ஆடச் சொல்வது கொடுமை.