விண்ணப்பிக்கும் முன் நெறியாளரிடம் இடம் உள்ளதா எனக் கேளுங்கள்

முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிப்போர் பலர் நுழைவுத் தேர்வில் காட்டும் அக்கறையை, தாம் விரும்பும் நெறியாளரிடம் (ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியரிடம்) காலியிடம் உள்ளதா என்று அறிவதில் காட்டுவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். பணி ஓய்வுக்கு 3 ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்க முடியாது. ஆகவே, விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே நீங்கள் விரும்பும் நெறியாளருடைய அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்து, உங்கள் ஆய்வு வினா அவற்றில் எந்த இடத்திலிருந்து எழுகிறது என்பதை ஐந்தாறு வரிகளில் விளக்கி, காலியிடம் உண்டா என்று மின்னஞ்சலில் நேரடியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை பணிவுடன் நினைவூட்டலாம். அதில் தயங்க ஏதுமில்லை.