ரிகாஃபி டின்னில் ஒரு கோல விளக்கு

ரிகாஃபி டின் இல்லாத சமையலறையை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் இன்னும் பார்க்கவில்லை. சிக்கரி கலந்த அந்தக் காபிப்பொடி தீர்ந்த பிறகுதான் டின்னுக்கு உண்மையான வாழ்க்கையே தொடங்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா ஒன்றில் அரிசி வைத்திருக்கிறார், ஒன்றில் பருப்பு, இன்னொன்றில் பட்டனும் ஊசிநூலும். கோல விளக்கு செய்யப் பழைய டின் இரண்டு கேட்டேன். "எதுக்கு?" என்று பத்து தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். உங்களுக்கு அப்படி ஒரு ஆயா இல்லையென்றால், பழைய பொருள் விற்கும் ஹாஸ்பிஸ் அறக்கட்டளைக் கடைகளிலும் சனிக்கிழமைச் சந்தைகளிலும் பழைய டின்கள் கிடைக்கும். லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. துரு பிடித்து ஓட்டை விழுந்தது மட்டும் வேண்டாம்.

தேவையானவை: டின், சுத்தியல், ஒரு தடித்த ஆணி, ஒரு மெல்லிய ஆணி, வெள்ளைத்தாள், மாஸ்கிங் டேப், பழைய துண்டு, உப்புத்தாள், கட்டுக்கம்பி, கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட், கொஞ்சம் மணல். கையுறையும் கட்டாயம்.

முதலில் டின்னைக் கழுவி, விளிம்பை விரலால் தடவாமல் கண்ணால் பாருங்கள். டின் திறப்பானால் வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பீன்ஸ் டின் போல மேலே காகித லேபிள் ஒட்டியதாக இருந்தால், வெந்நீரில் ஊறவைத்தால் உரிந்துவிடும்.

அடுத்தது ஐஸ். இதைத் தாண்டிப் போகாதீர்கள். "நாலு ஆணி அடிக்க எதற்கு ஐஸ்?" என்று நினைத்து வெறும் டின்னில் அடித்தேன். மூன்றாவது அடியிலேயே டின் சப்பிப்போன சொம்பு மாதிரி ஆகிவிட்டது. உள்ளே ஐஸ் இருந்தால் அது முட்டுக்கொடுக்கும். ஆணி தகரத்தை மட்டும் துளைக்கும், டின் வளையாது.

விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வரை தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும். அதனால்தான் அந்த இடைவெளி. அப்படியும் அடிப்பாகம் கொஞ்சம் புடைக்கும். பயப்பட வேண்டாம், பிறகு தட்டிச் சமன் செய்துவிடலாம். பெரிய டின் உறைய ஒரு இரவு போதாது, ஒன்றரை நாள் விட்டுவிடுங்கள்.

அது உறைவதற்குள் கோலத்தை வரைந்துவிடலாம். டின்னைச் சுற்றித் தாளை வைத்து அளவெடுத்து வெட்டுங்கள். அதில் ஐந்து வரிசை புள்ளி வைத்து, உங்களுக்குக் கைவந்த சிக்குக் கோலம் ஒன்றைப் போடுங்கள். அம்மா மார்கழியில் வாசலில் போட்ட கோலம் ஏதாவது நினைவிருந்தால் அதுவே போதும். புள்ளி இருக்கும் இடத்தில் தடித்த ஆணி, இழை போகும் வழியில் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய ஆணி. இந்த இரண்டு அளவுதான் சூட்சுமம். எல்லாத் துளையும் ஒரே அளவாக இருந்தால் விளக்கேற்றியதும் கோலம் தெரியாது, சல்லடைதான் தெரியும். அடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை துளை போடாமல் விடுங்கள். மணல் அங்கேதான் இருக்கும்.

ஐஸ் டின்னை மடித்த துண்டின் மேல் படுக்கவைத்து, தாளை டேப்பால் ஒட்டி, அடிக்கத் தொடங்குங்கள். ஓங்கி ஒரே அடி வேண்டாம். இரண்டு மூன்று சின்ன அடி போதும். இங்குள்ள ஜனவரிக் கோடை வெயிலில் அரை மணியில் ஐஸ் இளகிவிடும், அப்போது மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். மேல் விளிம்பின் கீழே எதிரெதிராக இரண்டு துளை, கைப்பிடிக் கம்பிக்கு.

எல்லாம் முடிந்ததும் ஐஸ் தானாகக் கரைந்து விழட்டும். உடனே உள்ளும் புறமும் துடைத்து வெயிலில் வையுங்கள். இந்த ஊர்க் கடல்காற்றில் ஈரத் தகரம் இரண்டே நாளில் துருப்பிடித்துவிடும். அப்புறம் வெளியே, காற்றோட்டமான இடத்தில், வெளிப்பக்கம் மட்டும் மெல்லிய இரண்டு கோட் பெயின்ட். உள்ளே அடிக்காதீர்கள், சூட்டில் நாறும்.

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு கம்பியை மாட்டி, அடியில் இரண்டு சென்டிமீட்டர் மணல் போட்டு, நடுவில் ஒரு சின்ன டீ லைட் மெழுகுவத்தி வையுங்கள். மணல் சூட்டைத் தாங்கும், டின்னும் ஆடாமல் நிற்கும். நார்த் பீச் மணலை அள்ளிவர வேண்டாம். அதிலுள்ள உப்பே டின்னைத் தின்றுவிடும். கட்டட மணல் நல்லது. பிளாஸ்டிக் விரிப்பின் மேலும் திரைச்சீலை பக்கத்திலும் வைக்காதீர்கள், எரியும்போது கம்பியைத் தொடாதீர்கள்.

2023-ல் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கற்றுக்கொண்டது இது. இப்போது தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் வராந்தாவில் வைக்கிறேன். போன வாரம் ஏற்றிவைத்தபோது சுவரெல்லாம் கோலம் விழுந்தது. ஆயா வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பருப்பு டின்னையும் எடுத்துக்கோ, பருப்பை வேற எதிலயாவது கொட்டிக்கிறேன்" என்றார்.